ஜெனீவாவில் நூறு மீட்டர் ஆழத்தில்

ஜெனீவா நகரத்துக்குச் செல்லும் நம் நாட்டுப் பிரயாணிகள் தவறாமல் காண்பது ஒரு நீர்த்தாரை. லேமான் ஏரியின் ஓரத்திலிருந்து 140 மீட்டர் உயரத்துக்குச் சீறி எழுந்து, காற்று வீசும் பக்கம் வெண்ணிறத் திரையாகச் சாய்ந்து விழும் அந்தத் தாரைக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1886-ஆம் ஆண்டில், நகரத்துப் பட்டறைகளுக்கு நீரின் விசையைக் குழாய் வழியே அனுப்பும் நிலையம் ஒன்று அங்கே இருந்தது. மாலையில் பட்டறைகள் நின்றதும் குழாய்களில் அழுத்தம் மிகுந்துவிடும். அதனைத் தணிப்பதற்காக நீரை வானில் பீய்ச்சி விட்டார்கள். மக்கள் அதைப் பார்த்து மகிழ்ந்தமையால், 1891-இல் ஏரிக்கே மாற்றி அழகுப் பொருளாக்கினார்கள். அடைபட்ட சக்தி வெளியே வழி தேடித் தாரையாகப் பாய்ந்தது என்பதே அதன் கதை.

அதே ஜெனீவாவில் வேறு வகைத் தாரைகளும் உண்டு. அவற்றை ஏரிக்கரையில் நின்று காண இயலாது. நிலத்துக்கு அடியில் நூறு மீட்டர் ஆழத்தில், கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாகக் கூறிட்டாலும் அதனினும் குறுகிய பொழுதில் அவை தோன்றி மறைகின்றன. அணுவின் உட்கருவுக்கும் உள்ளே இருக்கும் துகள்கள் எழுப்பும் தாரைகள் அவை. நானும் என் மனைவியும் ஜெனீவாவில் தங்கிய மூன்று நாட்களில் ஒரு நாளை அவற்றுக்கென ஒதுக்கினோம். அன்று கண்டதையும் கேட்டதையும் நம் சங்கக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஊரும் நிலையமும்

கொர்னவான் ரயில் நிலையத்தின் வாயிலிலேயே 18-ஆம் எண் டிராம் வண்டி வருகிறது. கொல்கத்தா அன்பர்களுக்கு டிராம் புதிதன்று. ஆனால் இது ஓசையின்றிப் போகும் டிராம். விடுதியில் தங்குவோருக்கு நகரப் போக்குவரத்துச் சீட்டை விடுதியாரே இலவசமாகத் தந்துவிடுவதால் செலவும் இல்லை. வீடுகள் குறைந்து, வயல்கள் தென்படத் தொடங்கும் இடத்தில் வண்டி நின்றுவிடுகிறது. கடைசி நிறுத்தத்தின் பெயரே 'செர்ன்'. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மன்றம் என்னும் பொருளுடைய பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்கள் சேர்ந்து அமைந்த சொல் அது.

இறங்கியதும் கண்ணில் படுவது மரத்தால் ஆன ஒரு பெரிய உருண்டை மண்டபம். உயரம் 27 மீட்டர். விட்டம் 40 மீட்டர். அதன் அருகே, 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்த விஞ்ஞானக் காட்சி நிலையம் சாலையின் மேல் தொங்கும் இரு பெருங்குழாய்களைப் போல் நிற்கிறது. ஒரு பக்கம் ஜூரா மலைத்தொடர். வானம் தெளிந்திருந்தால் மறு பக்கம் மோன் பிளாங்க் சிகரத்தின் பனி. நிலையத்தின் நடுவே ஸ்விட்ஸர்லாந்துக்கும் பிரான்சுக்கும் உரிய எல்லைக்கோடு ஓடுகிறது. காலைச் சிற்றுண்டியை ஒரு நாட்டிலும் பகலுணவை மற்றொரு நாட்டிலும் உண்பவர்கள் இங்கு உண்டு.

இந்நிலையம் 1954-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் தோன்றியது. பன்னிரண்டு நாடுகள் சேர்ந்து நிறுவின. அவற்றுள் சில, ஒன்பதே ஆண்டுகளுக்கு முன்வரை ஒன்றன் நகரத்தின் மீது மற்றொன்று குண்டு பொழிந்தவை. போருக்குரிய வேலை எதையும் இங்கே செய்வதில்லை என்றும், கண்டறிந்தவற்றை உலகுக்கு வெளியிடுவது என்றும் தொடக்கத்திலேயே உடன்படிக்கையில் எழுதிக்கொண்டனர். இந்தியா 2002-இல் பார்வையாளர் நிலையும், 2017-இல் இணை உறுப்பினர் நிலையும் பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் ஓயாமல் புரட்டும் உலகளாவிய வலையை 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்ததும் இங்கேதான்.

தனித்து வாராத துகள்

எங்கள் நண்பர் ஒருவரின் மகள் இங்கே ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகளின் வழக்கப்படி என்னை 'அங்கிள்' என்றே அழைத்தாள். ஆனால் விளக்கம் முழுவதையும் நல்ல தமிழில் சொல்ல முயன்றாள். அவள் சொன்னவற்றை என் நடையில் தருகிறேன்.

அணுவின் நடுவில் கரு உண்டு, கருவில் புரோட்டான்களும் நியூட்ரான்களும் உண்டு என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. புரோட்டானுக்குள்ளும் சிறு துகள்கள் இருக்க வேண்டும் என்று 1964-இல் இருவர் தனித்தனியே கூறினர். ஒருவர் அமெரிக்காவிலிருந்த மர்ரே கெல்மான். மற்றவர் அப்போது இதே செர்ன் நிலையத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்வைக். கெல்மான் இட்ட 'குவார்க்' என்ற பெயரே நிலைத்தது. அதன்பின் குவார்க்குகளைத் தேடாத இடமில்லை. கடல் நீரில் தேடினர். நிலவிலிருந்து கொணர்ந்த கல்லில் தேடினர். தனித்து நிற்கும் ஒரு குவார்க்கை இதுவரை எவரும் கண்டதில்லை.

காரணம் விந்தையானது. இரு காந்தங்களைப் பிரித்து வைத்தால், தூரம் கூடக் கூட ஈர்ப்புக் குறையும். குவார்க்குகளைப் பிணைக்கும் விசை அப்படிப்பட்டதன்று. விலக விலக இழுவிசை தளர்வதே இல்லை. ரப்பர் நாடாவை இழுப்பது போன்றது அது. அந்த நாடாவின் இழுவிசை ஏறத்தாழ 16 டன் பாரத்தைத் தூக்கப் போதுமானது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவும் ஒரு புரோட்டானின் அகலத்துக்குள்ளே! மேலும் இழுத்தால் நாடா அறுகிறது. அறுந்தாலும் குவார்க் தனியாவதில்லை. இழுத்ததில் சேர்ந்த சக்தி பொருளாக மாறி, அறுந்த இரு முனைகளிலும் புதிய குவார்க்குகள் முளைத்துவிடுகின்றன. அவையும் விலகும், நாடா மீண்டும் அறும், மீண்டும் முளைக்கும். இவ்வாறு ஒரு குவார்க் பாய்ந்த திசையில் பத்து, இருபது, ஐம்பது துகள்கள் கற்றையாகப் புறப்படுகின்றன. அந்தக் கற்றையைத்தான் விஞ்ஞானிகள் 'ஜெட்' என்கிறார்கள். நாம் தாரை எனலாம்.

இதைக் கேட்ட என் மனைவி, "மாட்டுங்காவில் ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாக வந்திறங்கியவரின் கதை போலிருக்கிறதே! பத்து ஆண்டுக்குள் தம்பி, மைத்துனன், அத்தை மகன் என்று ஒரு கட்டடமே நிறைந்துவிடவில்லையா?" என்றாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அதேதான் ஆன்ட்டி. அந்தக் குடும்பம் எந்தத் திசையில் போகிறது, மொத்தம் எவ்வளவு சக்தி கொண்டது என்று கூட்டிப் பார்த்தால், முதலில் புறப்பட்டவர் யார் என்று தெரிந்துவிடும்" என்றாள்.

உண்மையில் குவார்க்கை அறிய அதுவே வழி. 1975-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு நகரத்து யந்திரத்தில், எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் மோதிய இடத்திலிருந்து துகள்கள் நாற்புறமும் சிதறாமல் எதிரெதிரான இரு திசைகளில் கற்றையாகப் போவதைக் கண்டனர். 1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் மூன்று தாரைகள் தோன்றின. மூன்றாவது தாரைக்கு உரியது குளுவான் என்னும் துகள். குவார்க்குகளைப் பசை போல் ஒட்டவைப்பது அதுவே. 1982-இல் செர்ன் நிலையத்திலேயே, புரோட்டானும் எதிர்ப் புரோட்டானும் மோதும் யந்திரத்தில், ஐயத்துக்கு இடமின்றி இரு பெருந்தாரைகள் பதிவாயின.

தாரை என்றதும் அதற்கு ஒரு கரை உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. எந்தத் துகள் எந்தத் தாரையைச் சேர்ந்தது என்று பிரிப்பதற்கு ஒரு கணக்கு விதி வேண்டும். விதியை மாற்றினால் தாரையின் எண்ணிக்கையே மாறிவிடும். 2008-இல் மூன்று விஞ்ஞானிகள் வகுத்த விதியை இன்று இங்குள்ள குழுக்கள் பெரும்பாலும் கைக்கொள்கின்றன. சக்தி மிகுந்த துகளை நடுவாகக் கொண்டு, அக்கம்பக்கத்துத் துகள்களை வட்டமாக அதனோடு சேர்த்துக்கொண்டே போவது அதன் சாரம். எல்லாரும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டால்தான் ஒருவர் எண்ணியதை மற்றவர் சரிபார்க்க முடியும் அன்றோ?

கீழே இறங்கினோம்

யந்திரம் ஓடும்போது எவரையும் கீழே விடுவதில்லை. நாங்கள் சென்றது குளிர்காலத்து ஓய்வு நாட்கள். ஆகவே முன்கூட்டிப் பதிவு செய்துகொண்ட சிறு குழுவோடு இறங்க முடிந்தது. எல்லையைக் கடந்து, உழுது கிடந்த வயல்களின் நடுவே சிறிது தூரம் வண்டியில் போனால் செஸ்ஸி என்னும் பிரெஞ்சுக் கிராமம். அங்கே தலைக்கவசம் அணிந்து மின்தூக்கியில் நின்றோம். நூறு மீட்டர் இறக்கம். கோலார் தங்கவயலில் நம் தமிழ்த் தொழிலாளிகள் கிலோமீட்டர் கணக்கில் இறங்கியதை எண்ணினால் இது ஆழமே அன்று. அந்தச் சுரங்கத்திலும் 1965-இல் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் விண்வெளிக் கதிர்களின் ஆராய்ச்சி நடத்தி, நியூட்ரினோ என்னும் நுண்துகளைப் பதிவு செய்தனர்.

இங்குள்ள சுரங்கம் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள ஒரு வளையம். 1985 முதல் 1988 வரை வேறொரு யந்திரத்துக்காகக் குடைந்தது. அதில் இப்போதுள்ள பெரு மோதல் யந்திரத்தில் புரோட்டான்கள் இரு கற்றைகளாக எதிரெதிர்த் திசையில் சுற்றுகின்றன. ஒவ்வொரு புரோட்டானும் விநாடிக்கு 11,245 முறை வளையத்தைச் சுற்றிவரும். அவற்றை வளைத்துத் திருப்புவதற்கு 15 மீட்டர் நீளமுள்ள 1,232 காந்தங்கள். திரவ ஹீலியத்தால் அவற்றைப் பூஜ்யத்துக்குக் கீழே 271 டிகிரி வரை குளிர்விக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் முதற் கற்றை ஓடியது. ஒன்பதே நாளில் ஒரு மின் இணைப்புப் பழுதாகி ஹீலியம் பீறிட்டுக் காந்தங்கள் பல சேதமுற்றன. ஓராண்டுக்கு மேல் பழுது பார்த்து, 2009 நவம்பரில் மீண்டும் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு காந்தமும் ஏறத்தாழ 35 டன். அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு, தலைமயிரின் கனத்தளவு நுட்பமாக நகர்த்திச் சரிசெய்யக்கூடிய தாங்கிகள் காந்தங்களின் அடியில் உள்ளன. ஏறத்தாழ 7,000 தாங்கிகள். அவை இந்தியாவில் செய்தவை. இந்தூரிலுள்ள நம் அணுசக்தித் துறையின் ஆராய்ச்சி நிலையம் பொறுப்பேற்று அனுப்பியவை. வளையத்தைப் பற்றிப் படிப்பவர்கள் காந்தங்களைப் பற்றிப் படிப்பார்கள். காந்தத்தின் காலடியைக் குனிந்து பார்ப்பவர் சிலரே.

செஸ்ஸியின் அடியில் உள்ள உணர்கருவிக்கு சி.எம்.எஸ். என்று பெயர். குகைக்குள் நுழைந்ததும் நாங்கள் பேச்சிழந்தோம். நீளம் 21 மீட்டர். விட்டம் 15 மீட்டர். எடை 14,000 டன். பாரிஸ் நகரத்து ஈஃபில் கோபுரத்தின் இரும்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. வெங்காயத்தின் தோல் போல் அடுக்கடுக்காக அமைந்திருக்கிறது. நடுவில், மோதல் நிகழும் இடத்திலிருந்து மூன்று சென்டிமீட்டர் தூரத்தில், துகள் போன தடத்தைக் குறித்துக்கொள்ளும் சிலிக்கன் தகடுகள். அதற்கு வெளியே துகள்களை நிறுத்திச் சக்தியை அளக்கும் சுவர்கள். அதற்கும் வெளியே பெருங்காந்தம். சில தாரைகள் மிகுந்த வேகத்தால் உட்சுவர்களையும் கடந்து போய்விடும். அவ்வாறு வழிந்து போகும் சக்தியைப் பிடிப்பதற்காகக் காந்தத்துக்கு வெளியே ஒரு புறச்சுவர் வைத்திருக்கிறார்கள். அந்தப் புறச்சுவரை உருவாக்கியதில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாருக்குப் பெரும்பங்கு உண்டு. மற்றொரு பகுதியின் சிலிக்கன் தகடுகளில் ஒரு தொகுதி பெங்களூரில் செய்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் இக்குழுவில் ஓர் உறுப்பு.

கனத்த குவார்க்குகள்

குவார்க்குகள் ஆறு வகை. நம் உடலும் உலகமும் ஆகியவை அவற்றுள் இலேசான இரண்டால் மட்டுமே. மூன்றாவது சற்றுக் கனமானது. ஏனைய மூன்றும் கனத்த குவார்க்குகள்: சார்ம், பாட்டம், டாப். இவை இயற்கையில் சேர்ந்து கிடப்பவை அல்ல. பெரும் மோதலின் சக்தியிலிருந்து பிறந்து, உடனே அழிபவை. சார்ம் குவார்க்கை 1974-இல் அமெரிக்காவில் பர்ட்டன் ரிக்டர் குழுவும் சாமுவேல் டிங் குழுவும் ஒரே சமயத்தில் கண்டன. பாட்டத்தை 1977-இல் சிகாகோ அருகேயுள்ள ஃபெர்மி நிலையத்தில் லியான் லெடர்மான் குழு கண்டது. டாப் 1995 வரை காத்திருந்தது. அதுவும் ஃபெர்மி நிலையத்திலேயே கிடைத்தது. அதன் எடை புரோட்டானைப் போல் 184 மடங்கு. ஒரு முழுத் தங்க அணுவின் எடைக்குச் சற்றே குறைவு. ஒரு துகளுக்குள் இவ்வளவு கனம் ஏன் என்பதற்கு இன்னும் விடையில்லை.

2022 ஜூலை முதல் இங்குள்ள வளையத்தில் மோதலின் சக்தி 13.6 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆயிற்று. முழு வேகத்தில் ஓடும்போது விநாடிக்கு நூறு கோடி மோதலுக்கு மேல் நிகழும். அவற்றில் நூறு, நூற்றைம்பதுக்கு ஒன்றில் பாட்டம் குவார்க் ஜோடி பிறக்கும். டாப் ஜோடி பிறப்பது பத்துக் கோடியில் ஒன்று. ஃபெர்மி நிலையத்தார் சில டஜன் நிகழ்ச்சிகளைக் கொண்டு டாப் உண்டென்று நிறுவினர். இங்கோ ஒவ்வொரு விநாடியும் பத்துக்கு மேற்பட்ட ஜோடிகள். எல்லா மோதலையும் எழுதிவைக்க எந்தக் கணிப்பொறியாலும் ஆகாது. ஆதலின் கண நேரத்தில் பார்த்துப் பெரும்பாலானவற்றைத் தள்ளிவிட்டு, விநாடிக்குச் சில ஆயிரம் மட்டும் பதிவு செய்கிறார்கள்.

எத்தனையோ தாரைகளின் நடுவே, கனத்த குவார்க்கின் தாரையை எப்படி இனம் காண்பது? அன்று நான் கேட்ட கேள்விகளில் இதற்குக் கிடைத்த விடையே என் மனத்தில் ஆழப் பதிந்தது. பாட்டம் குவார்க்கைத் தாங்கிய துகள், விநாடியை லட்சம் கோடியாகக் கூறிட்டால் அதில் ஒன்றரைக் கூறு நேரம் உயிர் வாழும். ஆயினும் ஒளியை ஒட்டிய வேகத்தில் போவதால், அந்த நேரத்துக்குள் சில மில்லிமீட்டர் தூரம் நடந்துவிடுகிறது. பிறகே உடைகிறது. உணர்கருவியில் பதிந்த தடங்களைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், மற்றத் துகள்களின் தடங்கள் மோதல் நிகழ்ந்த புள்ளியில் போய்ச் சேரும். இந்தத் தாரையின் சில தடங்கள் மட்டும் அங்கே சேராமல், சற்றுத் தள்ளி வேறொரு புள்ளியில் கூடும். அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளியே பாட்டம் குவார்க்கின் கையெழுத்து. 14,000 டன் கருவி ஓர் அரிசி மணியின் நீளத்தை அளப்பதற்காக நிற்கிறது என்றால் மிகையாகாது.

டாப் குவார்க்கின் கதை வேறு. பாட்டத்தின் வாழ்நாளை மூன்று லட்சம் கோடியாகக் கூறிட்டால் அதில் ஒரு கூறே டாப் வாழும் காலம். நாடா இழுபட்டுப் புதிய துகள்கள் முளைப்பதற்கும் அதற்கு நேரம் இல்லை. ஆறு குவார்க்குகளில் சுற்றம் சேர்க்காமல் மறைவது அது ஒன்றே. மறையும்போது ஒரு பாட்டம் குவார்க்கை விட்டுச் செல்கிறது. ஆகவே டாப்பைத் தேடுவோரும் முதலில் பாட்டத்தின் தாரையையே தேடுகின்றனர்.

வளையத்தின் வேறு இரு இடங்கள்

விமான நிலையத்தின் பக்கத்தில், நிலத்தடியில் எல்.எச்.சி.பி. என்னும் கருவி பாட்டம், சார்ம் இவ்விரண்டையும் ஆராய்வதற்கென்றே இருக்கிறது. உலகம் தோன்றியபோது பொருளும் எதிர்ப்பொருளும் சம அளவில் பிறந்திருக்க வேண்டும். ஒன்றையொன்று அழித்து ஏதும் எஞ்சாமல் போயிருக்க வேண்டும். ஆனால் நாம் எஞ்சியிருக்கிறோம். இரண்டுக்கும் நடத்தையில் எங்கோ ஒரு சிறு வேறுபாடு உண்டு. சார்ம் குவார்க்கிடம் அவ்வேறுபாட்டை 2019-இலும், புரோட்டானின் இனத்தைச் சேர்ந்த, பாட்டம் குவார்க் அடங்கிய ஒரு துகளிடம் 2025-இலும் இக்குழு கண்டு அறிவித்தது. உலகில் எஞ்சிய பொருள் முழுவதுக்கும் இதுவரை கண்ட வேறுபாடுகள் போதமாட்டா; தேடல் தொடர்கிறது.

ஆலிஸ் என்னும் மற்றொரு கருவி ஈயத்தின் அணுக்கருக்களை மோதவிட்டு, குவார்க்குகளும் குளுவான்களும் கொதிகுழம்பாகக் கலந்திருக்கும் நிலையை ஆராய்கிறது. தாரை அந்தக் குழம்பின் ஊடே பாய்ந்தால் சக்தியை இழந்து சோர்ந்து வெளிவரும். இவ்வளையத்திலேயே 2010-இல் அதைக் கண்டார்கள். இந்தக் கருவியில் கொல்கத்தாவின் பங்கு பெரிது. அங்குள்ள சைக்ளோட்ரான் நிலையத்தார் ஃபோட்டான்களை எண்ணும் கருவி ஒன்றை அமைத்தனர். சாஹா நிலையத்தார் வடிவமைத்த 'மானஸ்' என்னும் மின்னணுச் சில்லு, சண்டீகரை அடுத்த மொஹாலியில் உருவாகி இங்கே பொருந்தியது.

2022-இல் ஆலிஸ் குழுவினர் மற்றொன்றையும் நேரே கண்டனர். ஓடும் குவார்க் வழியில் குளுவான்களை உமிழ்ந்துகொண்டே போகும். இலேசான குவார்க் தன் முன்னே நெருங்கிய கோணத்திலும் உமிழும். கனத்த குவார்க்கோ தன் திசையைச் சுற்றி ஒரு கூம்பளவு இடத்தை வெறுமையாக விட்டே செல்லும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சிலர் கணக்கிட்டுச் சொன்னார்கள். சார்ம் குவார்க்கின் தாரைகளை ஒவ்வொரு கிளையாகப் பின்னோக்கிப் பிரித்துப் பார்த்து, அந்த வெற்றுக் கூம்பு உண்மை என்று காட்டினார்கள்.

ஆடும் பெருமான்

மேலே வந்து, அலுவலகக் கட்டடங்களின் நடுவே நடக்கையில் நம் நடராஜரைக் கண்டோம். இரண்டு மீட்டர் உயரம். இந்திய அரசின் அன்பளிப்பாக 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் திறந்து வைத்தது. சோழ நாட்டுச் சிற்பிகள் வெண்கலத்தில் நிறைவு கண்ட வடிவம் ஜூரா மலையின் குளிர்காற்றில் தூக்கிய திருவடியோடு நிற்பதைப் பார்க்கும்போது, கண் கலங்காத தமிழர் இருப்பாரா?

எனினும் ஒன்று சொல்ல வேண்டும். இச்சிலையைக் கண்டதும், "இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுபவர் உண்டு. அது முன்னோருக்கும் பெருமையன்று, இங்கே உழைப்பவருக்கும் நியாயமன்று. ஆக்கமும் அழிவும் ஓயாத ஆட்டம் என்ற உருவகத்தை நம்மவர் தந்தனர். அரிசி மணியளவு இடைவெளியை அளந்து காட்டும் முறையை இந்தத் தலைமுறையினர் தருகின்றனர். இரண்டிலும் தமிழன் கைவண்ணம் உண்டு என்பதே நாம் கொள்ளத்தக்க மகிழ்ச்சி.

என்ன பயன்?

உணவு விடுதியில் அமர்ந்ததும் என் மனைவி அந்தப் பெண்ணிடம், எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்: "நீ எதைக் கண்டுபிடிக்கிறாய், அம்மா?"

ஹிக்ஸ் என்னும் துகளை 2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் இந்நிலையத்தார் அறிவித்ததை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். மற்றத் துகள்கள் எடை பெறுவது அதன் தொடர்பால். அது பெரும்பாலும் பாட்டம் குவார்க் ஜோடியாகவே உடைகிறது என்பது கொள்கை. தாரைகளின் நெரிசலில் அதனைப் பிரித்து உறுதி செய்ய 2018 வரை ஆயிற்று. இனி, சார்ம் குவார்க் ஜோடியாகவும் உடைகிறதா என்பது கேள்வி. அது அரிதான நிகழ்ச்சி. சார்மைத் தாங்கிய துகளின் நடை பாட்டத்தினும் குறுகியது. இலேசான குவார்க்கின் தாரைக்கும் பாட்டத்தின் தாரைக்கும் இடையே நின்று இரு பக்கமும் ஏமாற்றும். எது எது என்று பிரிப்பதே அந்தப் பெண்ணின் ஐந்தாண்டு வேலை.

"இதுவரை சார்ம் உறுதிப்படவில்லை, ஆன்ட்டி. என் ஆராய்ச்சி முடியும்போதும் 'இவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது' என்ற ஓர் எல்லையைத்தான் எழுத முடியும் என்று நினைக்கிறேன். வாராவாரம் ஃபோனில் அம்மா, 'கிடைத்ததா?' என்று கேட்கிறாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை" என்றாள்.

நான் சிறிது நேரம் பேசவில்லை. வெளியூரில் வேர்விட்ட நம் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய அச்சம் இயல்பானது. ஊரில் நிலம் இல்லை, உத்தியோகமே நிலம். ஆகவே பொறியியல், மருத்துவம், கணக்காயர் என்ற மூன்று வழிகளுக்கு அப்பால் ஒரு பிள்ளை காலெடுத்து வைத்தால் வீடே கலங்குகிறது. அந்தத் தாயின் கேள்வியில் குற்றமில்லை. ஆனால் 'கிடைத்ததா' என்பது இந்த வேலைக்குரிய கேள்வி அன்று. 1964-இல் ஒரு பெயராக இருந்தது, 1975-இல் தாரையாகத் தென்பட்டு, 1995-இல் ஆறாவது உறுப்போடு நிறைவுற்றது. இடையே எத்தனையோ பேர், 'இங்கே இல்லை', 'இவ்வளவுக்கு மேல் இல்லை' என்று மெய்யாக எழுதி வைத்தார்கள். அடுத்தவர் அந்த இடத்தை விட்டு வேறிடம் தேடினார். டாப் குவார்க் கிடைத்ததும் அவ்வாறே. பொய்யாக 'கிடைத்தது' என்று சொல்வதைவிட மெய்யாக 'இன்னும் இல்லை' என்று சொல்லும் பெண்ணைப் பெற்றவர் தலைநிமிர்ந்து நடக்கலாம். இதையே அவளிடமும் சொன்னேன். தில்லிக்குத் திரும்பும் வழியில் அவள் தாயைப் பார்த்து அவரிடமும் சொன்னேன். அவர் பதில் கூறவில்லை. ஆனால் அரிசி மணிக் கதையை மட்டும் இரண்டாம் முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

ஐரோப்பா செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். காட்சி நிலையத்துக்கு அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. நிலத்தடியைக் காண யந்திரம் ஓய்ந்திருக்கும் காலமாக இருக்க வேண்டும், முன்பதிவும் வேண்டும். போக இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. சி.எம்.எஸ். குழு தன் பதிவுகளில் பெரும்பகுதியை 2014 முதல் உலகுக்குத் திறந்து வைத்து வருகிறது. கல்லூரி செல்லும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே தாரைகளை எண்ணிப் பழகலாம். போகக்கூடியவர்கள் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். உணவு விடுதியில் எங்கேனும் ஒரு தமிழ்க் குரல் கேட்டால், தயங்காமல் அருகே சென்று, "உன் வேலை என்னம்மா?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது.